நான்கு கை, ஒரு போர்வை

கோத்தகிரி
ஜனவரி 18

அன்புள்ள பிலோமினா,

பார்சல் வந்து சேர்ந்தது. மலைப்பூண்டையும் உல்லன் சதுரங்களையும் ஒரே பைக்குள் போட்டுக் கட்டி அனுப்பும் துணிச்சல் உனக்குத்தான் வரும். சதுரங்கள் இன்னும் கொடியில்தான் காற்றாடுகின்றன. பூண்டு அருமை. முழங்கால் இப்போது தேவலையா? கொடைக்கானல் மேட்டில் ஏறி இறங்குவதைக் கொஞ்சம் குறைத்துக்கொள் என்றால் கேட்கவா போகிறாய்.

உன் குழு சேர்ந்து போடும் குரோஷே (கொக்கி ஊசிப் பின்னல்) போர்வைக்கு ஒரே நூல், ஒரே முறை, எல்லோருக்கும் "எட்டாம் நம்பர்" ஊசி. அப்புறம் எப்படி நாலு பேரும் நாலு அளவில் போட்டுக் கொண்டுவந்தார்கள் என்று கேட்டிருக்கிறாய். இறுக்கிப் போடுகிறவளைத் தளர்த்தச் சொல்லவும், தளர்த்திப் போடுகிறவளை இறுக்கச் சொல்லவும் போவதாக எழுதியிருக்கிறாய். வேண்டாம். அப்படிச் சொல்லித் திருத்திய கை சிறிது நேரம் சொன்னபடி கேட்கும், பேச்சில் கவனம் போனதும் பழைய வழிக்கே போய்விடும். பிறகு ஒரு சதுரத்துக்குள்ளேயே இரண்டு அளவு வந்து நிற்கும், அதைப் பிரித்துப் போடுவதைத் தவிர வேறு வழியே இல்லை. போர்வைக்கென்று சரியான இறுக்கம் எதுவும் கிடையாது. எல்லாச் சதுரமும் ஒத்துப்போனால் போதும். அதனால் கையை அதன் போக்கில் விட்டுவிட்டு ஊசியை மாற்று.

6 அங்குலச் சதுரத்தில் கால் அங்குலம் குறைந்தால் என்ன என்று தோன்றும். அகலத்துக்கு எட்டுச் சதுரம் என்றால் அந்த வரிசையே 2 அங்குலம் உள்ளே போய்விடும். எத்தனை இழுத்துத் தைத்தாலும் அது மறையாது.

இனி நீ அனுப்பிய நான்கையும் பார்ப்போம்.

மெரூன் 5¼ அங்குலம்தான் இருக்கிறது, தொட்டால் அட்டை மாதிரி விறைப்பு. போட்டவர் நூலை இழுத்துப் பிடிக்கிறார் என்று நினைப்பாய். நூல் பிடியைவிட, கண்ணி, அதாவது நூல் வளையம், ஊசியின் எந்த இடத்தில் உருவாகிறது என்பதுதான் இதில் முக்கியம். ஊசியை எடுத்துப் பார். நுனியில் கொக்கி, அதற்கு அடுத்து ஒல்லியான கழுத்து, அதற்குப் பிறகு ஒரே பருமனான தண்டு, பிறகு கட்டைவிரல் வைக்கும் தட்டை. 4 மி.மீ. என்று பொறித்திருப்பது தண்டின் பருமன். பல ஊசிகளில் கழுத்து அதைவிட மெலிசு. கழுத்திலேயே கண்ணியை வைத்துக்கொண்டு அடுத்ததைப் போட்டால், கையில் 4 இருந்தும் 3½ மி.மீ. ஊசியால் போட்ட மாதிரி வரும். ஒவ்வொரு முறை நூலை இழுத்த பிறகும் கண்ணியைத் தண்டுக்குத் தள்ளிவிட்டு மேலே போகச் சொல். கையை மாற்றச் சொல்லாதே என்ற நானே மாற்றச் சொல்லும் முதல் விலக்கு இது, ஏனென்றால் இது இறுக்கமில்லை, இடம். தண்டுக்குத் தள்ளியும் அளவு வராவிட்டால் 4½ மி.மீ. கொடு, அதுவும் போதாவிட்டால் 5.

நீலம் 7 அங்குலம், கண்ணிகளுக்கு நடுவே விரல் நுழைகிறது. இங்கே சந்தேகம் ஊசி நம்பர் மேல். பழைய ஆங்கில நம்பர் வரிசையில் 8 என்றால் 4 மி.மீ., அமெரிக்க வரிசையில் 8 என்றால் 5 மி.மீ. ஆங்கில வரிசையில் நம்பர் ஏற ஏற ஊசி மெலியும், அமெரிக்க வரிசையில் நம்பர் ஏறினால் ஊசியும் பருக்கும். பேத்தியோ மருமகளோ வாங்கி அனுப்பிய செட் என்றால் அநேகமாக அது அமெரிக்க நம்பர்தான். இனிமேல் உன் குழுவில் நம்பரைச் சொல்லாதே, மில்லிமீட்டரை மட்டும் சொல். பொறித்த எழுத்து அழிந்த ஊசி என்றால், துளைகள் உள்ள ஊசி அளவுத் தகடு ஒன்று வாங்கிவை. தண்டு தடையில்லாமல் நுழையும் மிகச் சிறிய துளைதான் அதன் அளவு.

பச்சை அளவில் சரி, 6 அங்குலம். ஆனால் நடுவில் புடைத்து, கிண்ணம் கவிழ்த்த மாதிரி உட்கார்கிறது. ட்ரெபிள்கள் (ஊசியில் நூலைச் சுற்றிப் போடும் நெட்டைக் கண்ணிகள்) நன்றாகவே இருக்கின்றன. மூலையில் உள்ள இரண்டு செயினும்தான் (சங்கிலிக் கண்ணி) சுருக்குப் போட்டு இழுக்கின்றன. ட்ரெபிள் போடும்போது இயல்பாக இருக்கும் கை, செயினுக்கு வந்ததும் வேகமெடுத்து இறுகுவது நிறையப் பேருக்கு உண்டு. நான்கு மூலையும் உள்ளே இழுத்தால் நடுப்பகுதிக்குப் போக இடமில்லை, மேலே எழும்புகிறது. இவருக்கு ஊசியை மாற்றாதே. மூலையில் இரண்டு செயினுக்குப் பதில் மூன்று போடச் சொல், படிந்துவிடும். இதற்கு நேர்மாறாக, ஓரம் அலையலையாக மடிந்தால் பக்கத்தில் கொத்துக்கும் (மூன்று ட்ரெபிள் சேர்ந்தது) கொத்துக்கும் நடுவே வரும் ஒற்றைச் செயின் தொளதொளவென்று இருக்கிறது என்று அர்த்தம். அதை எடுத்துவிட்டுக் கொத்துகளை அடுத்தடுத்தே போடலாம். மூலைச் செயினை மட்டும் எடுக்கக்கூடாது, எடுத்தால் சதுரம் வட்டமாகும்.

மஞ்சள் உன்னுடையதாகத்தான் இருக்கும், முடிச்சைப் பார்த்தாலே தெரிகிறது. அளவு சரி, தட்டையாகவும் இருக்கிறது, ஆனால் நடுப்பகுதி திருகி ஒரு பக்கமாகச் சாய்கிறது. இதற்கும் இறுக்கத்துக்கும் சம்பந்தமே இல்லை. நடுவிலிருந்து வெளிப்புறமாகப் போகும் எல்லாச் சுற்றையும் ஒரே பக்கத்திலிருந்து போட்டுக்கொண்டே போனால் ஒவ்வொரு கண்ணியும் ஒரே திசையில் கொஞ்சம் சாயும், ஆறு சுற்றில் அது கூடிக்கொண்டே போகும். ஒரு சுற்று முடிந்ததும் வேலையைத் திருப்பி, அடுத்த சுற்றைப் பின்பக்கத்திலிருந்து போடு. சாய்வு எதிரெதிராகி அடங்கிவிடும்.

இப்போது ஊசி மாற்றியும் சரிவராத கைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ட்ரெபிள் போடும்போது ஊசியில் நூலைச் சுற்றிக்கொண்டு, உள்ளே விட்டு ஒரு கண்ணியை மேலே இழுக்கிறோம் அல்லவா? அந்த முதல் இழுப்பின் உயரம்தான் கண்ணியின் உயரம். அடுத்து இரண்டிரண்டாக இழுப்பதெல்லாம் அதை முடிக்கும் வேலை. சிலர் அந்தக் கண்ணியைக் கீழ்நோக்கி வெடுக்கென்று இழுப்பார்கள், குட்டையாக வரும். சிலர் ஊசியைத் தூக்கி இழுப்பார்கள், நெட்டையாக வரும். ஊசியின் பருமன் முக்கியமாக அகலத்தை மாற்றுமே தவிர உயரத்தை அவ்வளவாக மாற்றாது. பக்கத்தில் உள்ள கொத்துகள் கச்சிதமாக இருந்தும் சதுரம் சிறிதாக வந்தால் குறை உயரத்தில். இப்படிப்பட்டவர்களுக்குப் பெரிய ஊசி கொடுத்தால் கொத்துகள் விரிந்து ஓரம் அலையடிக்குமே தவிர பிரச்சினை தீராது. முதல் கண்ணியை முந்தின சுற்றின் தலைக்கு மேல் வரை தூக்கிவிட்டு ஊசியில் மறுபடி நூலைச் சுற்றச் சொல். கையை மாற்றுவதில் இது இரண்டாவது விலக்கு.

நூல் விரலில் ஓடும் வழியையும் பார். சுண்டு விரலில் ஒரு சுற்று, மோதிர விரலுக்கும் நடுவிரலுக்கும் அடியில், ஆள்காட்டி விரலுக்கு மேலே என்பது பொது வழக்கம். மிகவும் இறுகும் கைக்குச் சுண்டு விரல் சுற்றை எடுத்துவிட்டால் போதும். நழுவும் கைக்கு அங்கே இன்னொரு சுற்று. ஆள்காட்டி விரலுக்கும் ஊசிக்கும் நடுவே 3, 4 சென்டிமீட்டர் இருக்கட்டும். இடது கைக் கட்டைவிரலும் நடுவிரலும் வேலையைப் பிடிக்கும் இடம், மூன்று கண்ணிக்கு ஒருமுறை ஊசிக்குப் பக்கத்தில் நகர வேண்டும். நகராவிட்டால் பின்னிய பகுதி இழுபட்டுக் கண்ணி நீளும். உருண்டையிலிருந்து நேராக இழுத்துப் பின்னுவது இன்னொரு கெட்ட பழக்கம். உருண்டை உருளும்போது நூல் தளரும், சிக்கும்போது இறுகும். இரண்டு முழம் நூலை முன்கூட்டியே மடியில் உருவிப் போட்டுக்கொண்டால் அந்த வெட்டு இழுப்பு இருக்காது.

தை மாதக் குளிரைச் சேர்த்துக்கொள்ளாமல் நம் மலையில் இதைப் பேசவே முடியாது. ஊட்டி பள்ளங்களில் உறைபனி விழும் இந்த நாட்களில் விறைத்த விரல்கள் ஊசியை இறுக்கிப் பிடிக்கும், அலுமினிய ஊசி தொட்டாலே சில்லென்று இருக்கும். காலை ஏழு மணிக்குப் போட்ட சதுரமும் மதிய வெயிலில் போட்டதும் ஒரே கையில் இரண்டு விதமாக வருவது இதனால்தான். காபி டம்ளரைப் பிடித்து விரலைச் சூடாக்கிக்கொண்டு உட்காருவது சரியான வைத்தியம். மூங்கில் ஊசி குளிராது, ஆனால் நூல் அதில் உரசி நிற்கும், அளவு மாறும். பாதிப் போர்வை அலுமினியம், பாதி மூங்கில் என்று வேண்டாம். தொடங்கிய ஊசியிலேயே முடிக்கட்டும்.

அளவு பார்ப்பதில் ஒரு ஒழுங்கு வை. பின்னி முடித்த உடனே அளக்காதே, இழுபட்ட கண்ணிகள் ஒரு ராத்திரி கிடந்தால் தம் இடத்துக்கு வரும். 6 அங்குலத்துக்கு ஒரு அட்டை வெட்டி எல்லோருக்கும் கொடு. டேப் ஆளுக்கு ஆள் ஒவ்வொரு விதமாக இழுபடும். மூலைக்கு மூலை 8½ அங்குலம் வர வேண்டும். ஒரு மூலைவாட்டில் அதிகமாகவும் மறு மூலைவாட்டில் குறைவாகவும் இருந்தால் சதுரம் சாய்ந்திருக்கிறது. ஆறு சுற்றும் முடியும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. மூன்றாம் சுற்றில் 3 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல் இருக்க வேண்டும், இல்லையென்றால் பிரிக்கப் போவது மூன்று சுற்று மட்டும்தானே. கூடவே கொத்துகளை எண்ணிக்கொள். ஆறாம் சுற்றில் 24 கொத்து, பக்கத்துக்கு ஆறு. ஒரு கொத்து விட்டுப்போனதை இறுக்கம் என்று நினைத்துத் திட்டு வாங்கியவர்கள் உண்டு.

சமையல் தராசும் உதவும். ஒரு சதுரத்தின் எடை சில கிராம்தான் என்பதால் ஒவ்வொருவருடையதிலும் ஐந்தைந்தாக வைத்து நிறு. பெரிதாகவும் கனமாகவும் இருந்தால் கண்ணி நீளம், ஆகவே கையில் காரணம். அளவு சரியாக இருந்தும் கனமென்றால் நூலே பருமன். 8 ப்ளை என்று பருமனைக் குறித்து ஒட்டியிருக்கும் எல்லா நூலும் ஒன்றல்ல, ஒரே கம்பெனியிலும் நிறத்துக்கு நிறம் கொஞ்சம் மாறும். ஸ்கேலில் ஒரு அங்குலத்துக்கு நெருக்கமாகச் சுற்றி, எத்தனை சுற்று வருகிறது என்று இரண்டு நூலையும் ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

ஏற்கெனவே போட்டுவிட்டவற்றை வீணாக்காதே. கால் அங்குலம் வரை வித்தியாசம் என்றால் அப்படியே எடுத்துக்கொள், ஒரே வரிசையில் மட்டும் சேர்க்காதே. அரை அங்குலம் வரை குறைவென்றால் கடைசிச் சுற்றைப் பிரித்துப் பெரிய ஊசியில் போடு, அல்லது சுற்றிலும் குட்டைக் கண்ணி ஒரு வரிசை ஓட்டு, பக்கத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் கூடும். நீலத்தை மட்டும் பிரித்துவிடச் சொல், அது தேறாது. இஸ்திரிப் பெட்டியால் அழுத்திச் சரிசெய்யலாம் என்று யாராவது சொன்னால் பெட்டியைப் பிடுங்கிவை. அக்ரிலிக் நூலில் சூடான பெட்டி பட்டால் உருகித் துவண்டுவிடும், திரும்பவே திரும்பாது. குண்டூசி குத்தி விரித்து, ஒரு அங்குல உயரத்தில் ஆவியை மட்டும் காட்டி, ஆறும்வரை அசைக்காமல் விட வேண்டும்.

இணைக்கும்போது அளவை மறந்துவிட்டு எண்ணிக்கையைப் பிடித்துக்கொள். கண்ணிக்கு நேர் கண்ணி சேர்த்தால் சின்ன வித்தியாசமெல்லாம் தானே கரையும். நம்மூர் தோடர் பெண்கள் வெள்ளைத் துணியில் கோடு எதுவும் வரையாமல் இழையை எண்ணியே சிவப்பும் கறுப்புமாக நிரப்புகிறார்கள். 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய வேலை அது. இணைப்பை ஸ்லிப் கண்ணியில் (உயரமே இல்லாத கண்ணி) போட்டால் அது இறுகும் குணமுள்ளது, ஊசி அரை மி.மீ. பெரிதாக இருக்கட்டும். கொஞ்சம் சிறியதையும் கொஞ்சம் பெரியதையும் ஒரே வரிசையில் கலந்து வை. சிறியவையெல்லாம் ஒரே வரிசையில் சேர்ந்தால் அங்கே இடுப்பு விழும்.

மன்னவனூர் ஆட்டு ரோமத்தில் கொஞ்சம் சதுரம் போட்டு நடுவில் வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். ஆசை நல்ல ஆசைதான். அங்கே மத்திய ஆராய்ச்சி நிலையத்தில் ஆடு வளர்க்கிறார்கள், இங்கே சாண்டிநல்லாவிலும் நீலகிரி ஆடு இருக்கிறது, ஆனாலும் கடையில் நம் கைக்கு வருவது பெரும்பாலும் அக்ரிலிக்தானே. இரண்டையும் ஒரே போர்வையில் கலக்காதே. ரோமம் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும், சுடுதண்ணீரில் அலசித் தேய்த்தால் சுருங்கிக் கெட்டியாகும். அக்ரிலிக் அப்படியே இருக்கும். முதல் துவைப்பிலேயே நடுப்பகுதி பிடித்து இழுத்துச் சுற்றியுள்ளது புடைக்கும். ரோமத்தில் தனியாக ஒரு சின்ன சால்வை போடு, கலப்பு வேண்டாம்.

மெரூன் போட்டவரிடம் 4½ மி.மீ. கொடுத்து, மூன்றாம் சுற்றில் என்ன அளவு வருகிறது என்று எழுது. இங்கே என்னிடம் 4½ இரண்டு சும்மா கிடக்கின்றன, வேண்டுமென்றால் தபாலில் போடுகிறேன்.

அன்புடன்,
சரோஜா