மாநகராட்சிப் பள்ளிக் கழிப்பறை: தோள் கொடுத்த எல்லோருக்கும் நன்றி

அன்புடையீர்,

வடசென்னையில் உள்ள ஒரு மாநகராட்சி நடுநிலைப் பள்ளியில் பெண் பிள்ளைகளின் கழிப்பறை இப்போது நாள் முழுக்கத் திறந்திருக்கிறது. கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறது. யார் பெயர் பலகையில் வர வேண்டுமோ அவர்கள் பெயர் வந்துவிட்டது. வராதவர்களுக்கு இந்த மடல். பெயரைப் போட்டால் சிலருக்கு வேலையிடத்தில் சங்கடம் வரும் என்பதால், செய்த வேலையைச் சொல்லி நன்றி சொல்கிறோம். எங்களைப் போலவே இதே கோரிக்கையோடு வேறு வார்டுகளில் அலையும் கல்லூரி மாணவர்களுக்கும் உதவட்டும் என்று கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறோம்.

முதலில், கணக்கெடுப்புப் படிவத்தை எழுதிக் கொடுத்த ஓய்வுபெற்ற ஆசிரியை அம்மாவுக்கு. ‘கழிப்பறை உண்டா?’ என்று கேட்டால் எல்லாப் பள்ளியிலும் ‘உண்டு’ என்றுதான் பதில் வரும். அவர் எழுதிய கேள்விகள் வேறு மாதிரி: காலை இடைவேளை மணி அடித்தபோது எத்தனை கதவு திறந்திருந்தது? எத்தனைக்கு உள்தாழ்ப்பாள்? குழாயைத் திருகினால் தண்ணீர் வருகிறதா? வாளி, கப் இருக்கிறதா? சாவி யாரிடம்? பிள்ளைகளிடம் ஒரே ஒரு கேள்வி: பள்ளிக்கு வந்த பிறகு தண்ணீர் குடிப்பாயா? எங்கள் குழுவின் மாணவிகள் மட்டும் போய், ஆசிரியர் பக்கத்தில் இல்லாதபோது, பெயர் குறிக்காமல் கேட்க வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை. ‘வீட்டுக்குப் போய்க் குடிச்சுக்குவேன்’ என்ற பதில்தான் அந்தத் தாள்களில் திரும்பத் திரும்ப வந்தது. எந்தப் பதிவேட்டிலும் அதற்குக் கட்டம் கிடையாது.

அடுத்து தலைமை ஆசிரியைக்கு. 40 பேருக்கு ஒரு கழிப்பறை என்பது பள்ளித் தூய்மைக்கான மத்திய அரசின் ஸ்வச் வித்யாலயா வழிகாட்டி சொல்லும் விகிதம். 240 பெண் பிள்ளைகளுக்கு ஆறு. கணக்குப்படி ஆறும் இருந்தன, மூன்று பூட்டிக் கிடந்தன. ஆனால் ஆறும் திறந்தாலே போதுமா? இடைவேளை பத்து நிமிடம். ஒரு பிள்ளை உள்ளே போய் வர ஒன்றரை நிமிடம் என்று வைத்தால், ஒரு கதவுக்கு ஆறு பேர், மிஞ்சிப்போனால் ஏழு. ஆறு கதவுக்கும் சேர்த்து 40 பேர். மீதி 200 பேர் அடக்கிக்கொண்டு வகுப்புக்குத் திரும்ப வேண்டியதுதான். இதைக் காகிதத்தில் போட்டுக் காட்டியதும் அவர் இடைவேளையை வகுப்புவாரியாக நான்காகப் பிரித்தார். வகுப்பு நடக்கும்போது கை தூக்கும் பிள்ளையை மறுபேச்சில்லாமல் அனுப்ப வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். எங்கள் பார்வையில் இரண்டாவதுதான் பெரிய மாற்றம். எஸ்டிமேட், டெண்டர் எதுவும் இல்லாமல் நடந்தவையும் இந்த இரண்டும்தான்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் அம்மாக்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி இந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். சட்டம் சரிதான். கூட்டம் பிற்பகலில் வைத்தால் வீட்டு வேலைக்குப் போகிறவர், பூக்கடை போடுகிறவர் எப்படி வருவார்? அந்த வீட்டில் சொல்லி, இந்தக் கடையைப் பக்கத்துக் கடைக்காரரிடம் விட்டு, கூலியை இழந்து வந்தார்கள். தீர்மானத்தில் ‘கழிப்பறையைச் சரிசெய்ய வேண்டும்’ என்று மொட்டையாக எழுத அவர்கள் விடவில்லை. எத்தனை கதவு பூட்டியிருக்கிறது, எந்தச் சேம்பரில் (கழிவுநீர்ப் பைப் வழியில் மூடி போட்ட தொட்டி) அடைப்பு, எத்தனை அடி பைப் மாற்ற வேண்டும் என்று அளவோடு எழுதவைத்தார்கள். நகலைக் கவுன்சிலரிடமும் மண்டல அலுவலகத்திலும் கொடுத்து, தங்கள் பிரதியில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை வாங்காமல் யாரும் நகரவில்லை.

அந்த அளவுகளைத் தந்தவர் பிளம்பர் அண்ணன். கடப்பாரையால் சேம்பர் மூடிகளைத் தூக்கி, மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயான டியூப் லெவலைப் பிடித்துப் பார்த்தார். நாலு அங்குலக் கழிவுநீர்ப் பைப்புக்கு 40 அடிக்கு ஓர் அடி சரிவு வேண்டும். பத்தடிக்கு மூன்று அங்குலம். இங்கே பத்தடிக்கு ஓர் அங்குலம்கூட இல்லை. தோண்டுகிற கூலியை மிச்சம் பிடிக்க மேலாகவே பதித்திருக்கிறார்கள். தண்ணீர் மட்டும் ஓடிவிடும், மலம் தங்கிக் காய்ந்துவிடும். டிராப்பில், அதாவது தண்ணீர் தேங்கி நாற்றத்தைத் தடுக்கும் வளைவில், சிமென்ட் கலவை கட்டி கட்டியாக இருந்தது. டைல்ஸ் ஒட்டியவர்கள் கழுவிவிட்ட மிச்சம். மூடியோடு குப்பைத்தொட்டி உள்ளே இல்லாததால் நாப்கின்களும் அங்கேதான் போய் அடைத்திருந்தன. போதாததற்கு, பழைய தாரைச் சுரண்டாமல் தெருவுக்கு மேல் தெருவாகப் போட்டதில் பள்ளி வளாகம் பள்ளமாகிவிட்டது. பெருமழையில் தெருச் சாக்கடை நிரம்பினால் தாழ்ந்த இடத்துச் சேம்பர் வழியாகத்தான் பொங்கும். சரிவைச் சரிபார்த்துப் பைப்பை மாற்றியதோடு, சேம்பர் சுவர்களை ஓர் அடி உயர்த்திக் கட்டியதும் அவர் சொன்ன யோசனை.

அடைப்பை எடுக்க ஆளை இறக்கலாம் என்று யாரோ சொன்னபோது, கூடாது என்று குறுக்கே நின்ற தூய்மைப் பணியாளர் அக்காவுக்குத் தனி நன்றி. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவது குற்றம். அழுத்தத்தில் தண்ணீர் பாய்ச்சி அடைப்பெடுக்கும் ஜெட் ராடிங் வண்டிதான் வர வேண்டும், வந்தது. வளாகத்துக்குள் இருப்பது பள்ளியின் பொறுப்பு, தெருவில் ஓடுவது குடிநீர் வாரியத்தின் பொறுப்பு; இரண்டும் சேரும் கடைசிச் சேம்பரில்தான் புகார்கள் செத்துப்போகும். அதனால் மாநகராட்சியின் புகார் எண் 1913, வாரியத்தின் புகார் எண் 1916 இரண்டிலும் ஒரே நாளில் பதிந்து, இரண்டு புகார் எண்களையும் ஒரே மனுவில் எழுதிக் கொடுங்கள். ஆசிட்டை நிறுத்தச் சொன்னவரும் அக்காதான். டைல்ஸ் இடுக்குச் சிமென்டை ஆசிட் அரித்துவிடும், பிறகு சுவரில் கசிவு. ஆசிட் ஊற்றிய இடத்தில் பிளீச்சிங் பவுடர் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். அந்தச் சின்ன அறையில் மூச்சு முட்டிவிடும். சோப் ஆயில், நீளக் கைப்பிடி பிரஷ், கையுறை, பூட்ஸ் போதும் என்றார்.

தகவல் அறியும் உரிமைச் சட்ட (ஆர்.டி.ஐ.) மனுக்களைத் திருத்திக் கொடுத்த வழக்கறிஞருக்கும் நன்றி. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிய மனுவில் ‘ஏன்’ என்று கேட்டால் பதில் வராது. ஆவணத்தின் நகலைக் கேட்க வேண்டும். எஸ்டிமேட், வேலை உத்தரவு, செய்த வேலையின் அளவுகளைப் பதியும் அளவுப் புத்தகம், இறுதி பில். 30 நாளில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு. முந்தைய ‘புதுப்பித்தல்’ வேலையின் அளவுப் புத்தகத்தில் டைல்ஸும் பெயின்ட்டும் இருந்தன. சேம்பரைப் பற்றி ஒரு வரி இல்லை. கண்ணுக்குத் தெரிகிற வேலைக்குத்தானே படம் எடுக்க முடியும்!

மண்டல அலுவலக வாசலில் வெயிலில் நின்ற மற்றக் கல்லூரித் தோழர்களே, உங்களுக்கும். தர்ணாவால் பொறியாளர் வரும் தேதி கிடைத்தது. அந்தத் தேதியில் கையில் அளவுத் தாள் இருந்ததால்தான் எஸ்டிமேட் நகர்ந்தது. சீருடைப் பிள்ளைகள் ஒருவரைக்கூட அங்கே கொண்டுவரவில்லை. அப்படிச் செய்தால் மறுநாள் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்களுடைய பெற்றோர்தான்.

பாக்கி இருக்கிறது. சமையற்கூடத்துக்கும் கழிப்பறைக்கும் ஒரே மேல்தொட்டி. சமையல் முடிவதற்குள் கழிப்பறைக் குழாய் வற்றிவிடுகிறது. பகல்நேரப் பள்ளிக்கு ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு 45 லிட்டர் என்பது தேசியக் கட்டட விதித் தொகுப்பின் அளவு. தனித் தொட்டிக்கான எஸ்டிமேட் மண்டலத்தில் இருக்கிறது. அக்டோபர் மழைக்கு முன் சேம்பர்களையும் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். அடுத்த குழுக் கூட்டத்தில் அதுதான் முதல் பொருள். கடப்பாரை எங்களிடம் இருக்கிறது. டியூப் லெவலோடு அண்ணன் வந்தால் போதும்.

நன்றியுடன்,
மாணவர் குழு