காரைத் தாழ்த்தும் முன் அளந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய கார்களைத் தாழ்த்தி ஓட்டுவது பற்றிய தங்கள் கட்டுரையில் படங்கள் அழகு. ஆனால் வண்டி நிற்கும் உயரத்தை அளப்பது பற்றி ஒரு வரிகூட இல்லை. சஸ்பென்ஷன் (சக்கரங்களின் மேல் வண்டியைத் தாங்கும் ஸ்பிரிங் அமைப்பு) வேலையே என் தொழில் என்பதால் எழுதுகிறேன்.

பலர் தரையிலிருந்து மட்கார்டு விளிம்புவரை டேப் பிடிக்கிறார்கள். டயர் தேய்ந்தாலோ காற்று குறைந்தாலோ அந்த அளவு மாறிவிடும். சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர்மேலே விளிம்புவரை அளந்தால் அந்தச் சிக்கல் இல்லை. ஜாக்கியிலிருந்து இறக்கியதும் அளக்கக் கூடாது. சமதளத்தில் முன்னும் பின்னும் கொஞ்சம் உருட்டிவிட்டு, நான்கு மூலையையும் தனித்தனியாக அளக்க வேண்டும். பழைய ஸ்பிரிங் ஒரு பக்கம் மட்டும் தளர்ந்திருப்பது சகஜம். தானாகவே தாழ்ந்துபோன வண்டியை இன்னும் தாழ்த்தச் சொல்லி வருபவர்களும் உண்டு!

வண்டியைத் தாழ்த்த ஸ்பிரிங்கை கேஸ் கட்டர் வைத்து வெட்டுவது வேண்டவே வேண்டாம். சூட்டில் எஃகின் பதம் கெட்டுவிடும். உயரம் குறைந்த ஸ்பிரிங்கும் அதற்குப் பொருந்தும் ஷாக் அப்சார்பரும் போடுவதுதான் சரி.

அப்புறம், சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கன்ட்ரோல் ஆர்மின் ரப்பர் புஷ் போல்ட்டுகளை வண்டியின் எடை சக்கரங்களில் நிற்கும்போதே கடைசியாக இறுக்க வேண்டும். சக்கரம் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கியபடியே இருந்து சீக்கிரம் கிழியும். வண்டியும் சற்று உயர்ந்து நின்று அளவைப் பொய்யாக்கும்.

அதன்பின் வீல் அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்), ஹெட்லைட் இரண்டையும் சரிபார்க்க வேண்டும். அடுத்த கட்டுரையில் அளக்கும் முறைக்கு ஒரு படம் போட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு கார் மெக்கானிக்