சுரங்க நிலையத்துக் காற்றை அளந்து பலகையில் எழுதுங்கள்

சென்னை மெட்ரோ இரயில் நிறுவனத்தின் நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் முப்பது ஆண்டுகள் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட்டில், அதாவது கூடத்துக் காற்றின் ஈரப்பதத்தைக் காக்கும் பிரிவில், வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். மூடிய கூடத்துக்குள் காற்றைத் தள்ளுவதும் இழுப்பதுமே என் பிழைப்பு. கோவைக்கு வகுத்த மெட்ரோ திட்டம் தூண்மேல் போவதுதான். ஆனாலும் எங்கள் பிள்ளைகளில் பலர் சென்னையில் தினமும் உங்கள் சுரங்கத்தில் இறங்கி ஏறுகிறவர்கள் என்பதால் எழுதுகிறேன்.

ஆலையில் மணிக்கொரு தரம் ஈரத்துணி சுற்றிய வெப்பமானியையும் உலர்ந்ததையும் பார்த்து, ஈரப்பதத்தைக் கரும்பலகையில் எழுதுவேன். காற்று உலர்ந்தால் நூல் அறுந்துவிடும். அதே கூடத்தில் மிதந்த பஞ்சுத்தூசை அளந்து எந்தப் பலகையிலும் நாங்கள் எழுதியதில்லை. பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் புளோரூமிலும், அதைச் சீவும் கார்டிங்கிலும் நின்றவர்களுக்கு, ஞாயிறு விடுப்பு முடிந்து திங்கட்கிழமை வேலைக்கு வந்ததும் நெஞ்சு அடைக்கும், செவ்வாயன்று குறைந்துவிடும், ஆகவே அதை நோயென்றே ஒருவரும் எண்ணவில்லை. அது பஞ்சுத்தூசால் வரும் நுரையீரல் நோய், பிசினோசிஸ் என்று அதற்குப் பெயருண்டு என அறிந்தபோது என்னோடு வேலை பார்த்த சிலருக்கு மாடிப்படி ஏற முடியாமல் போயிருந்தது.

சுரங்கத்தில் பஞ்சு இல்லை, இரும்பு இருக்கிறது. சக்கரமும் தண்டவாளமும் உரசுவதாலும் பிரேக் கட்டை தேய்வதாலும் உதிரும் நுண்துகளில் இரும்பு மிகுந்திருப்பதை இலண்டனிலும் சியோலிலும் அளந்து கண்டிருக்கிறார்கள். உங்கள் நடைமேடைகளின் கண்ணாடிக் கதவுகள் அந்தத் தூசைப் பெருமளவு தடுக்கும் என்பதை மனமார ஒப்புக்கொள்கிறேன். ஆனால், தடுக்கப்பட்ட தூசு மறைந்துபோவதில்லை. அது சுரங்கத்திலேயே தங்கி, வண்டி எழுப்பும் காற்றில் மீண்டும் கிளம்பும். வண்டிகள் நின்ற பிறகு இரவில் தண்டவாளத்தைச் சரிபார்க்க இறங்குகிறவருக்கு அந்தக் கதவால் பயனில்லை.

வெளிக்காற்றுக்கு நம் நாட்டில் 2009இல் வரம்பு வகுத்தார்கள்: பி.எம். 2.5 எனப்படும், 2.5 மைக்ரோமீட்டருக்கு மேற்படாத நுண்துகள், 24 மணி நேரச் சராசரியில் கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம். அது திறந்த வெளிக்கானது. தென்கொரியாவிலோ நிலத்தடி நிலையங்களின் உட்காற்றுக்கும் 2019இல் 50 என வரம்பு வைத்தார்கள்.

ஆகவே, நடைமேடை, பெட்டியின் உட்புறம், சுரங்கம் ஆகிய மூன்றிலும் தனித்தனியே அளந்து, அந்த அளவை நிலைய வாயிலில் தமிழில் காட்டும்படி வேண்டுகிறேன். மூன்றையும் கூட்டிச் சராசரி காட்டினால் சுரங்கத்தின் நிலை அதில் மறைந்துவிடும். வடிகட்டிகளை நாள் கணக்கில் மாற்றாமல், முன்னும் பின்னும் உள்ள அழுத்த வேறுபாட்டைப் பார்த்து மாற்றுவதே சரி; தூசு அடைத்த வடிகட்டியோடு விசிறி எவ்வளவு சுழன்றாலும் காற்று வராது என்பதைக் கையால் தொட்டு அறிந்தவன் நான். உங்கள் மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில் 40 கி.மீ.க்கு மேல் நிலத்தடியில் அமைகிறது. அங்கே வெளிக்காற்றை உறிஞ்சும் வாயில்கள் பேருந்துகள் புகை கக்கி நிற்கும் சாலையோரத்தில், ஆள் உயரத்தில் அமைந்துவிடக் கூடாது. கட்டி முடித்தபின் அதை மாற்றுவது பெரும்பாடு.

எல்லா நிலையங்களிலும் ஒரே நேரத்தில் தொடங்க இயலாதெனில், இரவுப் பணியாளர் இறங்கும் சுரங்கப் பகுதியின் அளவை முதலில் எடுத்து, அதை அவர்களிடமே முதலில் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூற்பாலைத் தொழிலாளி,
சிங்காநல்லூர், கோயம்புத்தூர்.