படகின் எடை கீலில் உட்கார வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சிறிய பாய்மரப் படகு வாங்குவது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பாய், கயிறு, சுக்கான் எல்லாவற்றையும் நன்றாக விளக்கியிருந்தார்கள். ஆனால், ஏற்றிச் செல்லப் பழைய ட்ரெய்லர் ஒன்று கிடைத்தால் போதும் என்று ஒரே வரியில் அந்த விஷயத்தை முடித்துவிட்டார்கள். அதை நம்பி யாரும் நல்ல படகைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

என் படகு 19 அடி நீளம். அடியில் நீளவாக்கில் தகடு போலக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் அசையாத இரும்புக் கீல். பழைய படகோட்டிகள் ஏரா என்பார்களே, அதுதான். மிதக்கும்போது அதன் நுனி நீர்மட்டத்திலிருந்து 90 சென்டிமீட்டர் கீழே இருக்கும். படகை விற்றவர் தன்னிடமிருந்த மோட்டார் படகு ட்ரெய்லரை இரவல் கொடுத்தார். அதில் நீளவாக்கில் இரண்டு பலகைகள் இருந்தன. அவற்றைக் கட்டை வைத்து உயர்த்தி, கீல் நடுவில் அந்தரத்தில் தொங்கும்படி படகை ஏற்றினோம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை படகுக்குள் போய், படுக்கைக்கு அடியில் இருக்கும் சாமான் அறையின் கதவை இழுத்தேன். வரவில்லை. முந்தின நாள் ஒரு விரலால் திறந்த கதவு அது. கீழே இறங்கிப் பார்த்தால், பலகை பட்ட இடத்தில் படகின் வயிறு உள்ளே அமுங்கியிருந்தது. கீலுக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கியால் ஒரு விரற்கடை தூக்கினேன். உள்ளே கதவு தானாகவே விட்டுக்கொடுத்தது. ஃபைபர் விரிசல் விடாமல் தப்பியது. அப்படியே கரடுமுரடான சாலையில் நூறு கிலோமீட்டர் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

கீல் உள்ள படகுக்கு எடை முழுவதும் கீலின் வழியாகத்தான் வண்டியில் இறங்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் மெத்தைத் தாங்கிகள் படகு சாயாமல் பிடித்துக்கொள்ள மட்டுமே. ட்ரெய்லர் பார்க்கப் போகிறவர் முதலில் இதற்கு வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெயின்ட் எப்படி இருக்கிறது என்பதெல்லாம் அப்புறம்.

அடுத்தது எடை. என் படகின் காகிதத்தில் 600 கிலோ என்று போட்டிருந்தது. எஞ்சின், பாய்மரம், நங்கூரம், பேட்டரி, தண்ணீர் எல்லாவற்றோடும் எடை மேடையில் ஏற்றி, ட்ரெய்லரின் எடையைக் கழித்துப் பார்த்தால் 790. முதலில் எனக்குப் பிடித்த ட்ரெய்லரின் தகட்டில் தாங்கும் மொத்த எடை 1000 கிலோ, அதன் சொந்த எடை 260. மிச்சம் 740தான். சரி, இது வேண்டாம் என்று விட்டுவிட்டு, மொத்தம் 1400 தாங்கும், சொந்த எடை 300 கிலோ உள்ள இன்னொன்றை வாங்கினேன்.

வாங்குமுன் ட்ரெய்லரின் இரும்புச் சட்டத்தைச் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தேன். பெட்டிக் குழாய் உள்ளிருந்துதான் துருப்பிடிக்கும். வெளியே பளபளப்பாக இருக்கும், தட்டினால் சத்தம் மங்கிப்போகும். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்க்க வேண்டும். பேரிங் மூடியையும் கழற்றச் சொல்லுங்கள். ஓடிவந்த சூட்டோடு, சக்கரத்தின் நடுவில் பேரிங் இருக்கும் ஹப் குளிர்ந்த தண்ணீரில் இறங்கினால், உள்ளே இருக்கும் காற்று சுருங்கி சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட கிரீஸ் மோர் நிறத்தில் இருக்கும். டயரில் பட்டன் தேயாமல் இருக்கிறதே என்று ஏமாறக் கூடாது. பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 1416 என்றால் 2016ஆம் ஆண்டின் 14ஆவது வாரத்தில் செய்தது. படகு வண்டி டயர் ஓடித் தேய்வதைவிட நின்றே கெடுவதுதான் அதிகம்.

மாற்றி அமைத்தது பெரிய வேலை இல்லை, பொறுமையான வேலை. நடுவில் கனமான மரப்பலகை ஒன்றை நீளவாக்கில் போட்டு, கீல் நழுவாதபடி இரண்டு பக்கமும் இரும்புக் கோணம் வைத்தேன். பலகையை எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்தினால் தண்ணீரில் இறக்குவது சுலபம். பக்கத் தாங்கிகளைக் கண்ட இடத்தில் வைக்கவில்லை. படகுக்குள் குறுக்குத் தடுப்புப் பலகை எங்கே இருக்கிறது என்று அளந்து, நேராக அதற்கு வெளியே வைத்தேன். கீல் உட்கார்ந்த பிறகு, தாங்கிகளைக் கையால் திருகுவது படகின் உடம்பைத் தொடும் வரைதான். ஸ்பேனர் போட்டு இறுக்கக் கூடாது. சட்டம் துத்தநாகம் பூசியது, அதனால் வெல்டிங் வைக்கவில்லை. சூட்டில் பூச்சு எரிந்து அந்த இடம் துருப்பிடிக்கும். அந்தப் புகையைச் சுவாசித்தால் காய்ச்சலும் வரும். எல்லாம் யூ போல்ட்தான். தவறான இடத்தில் வைத்தாலும் நகர்த்திக்கொள்ளலாம்.

படகு உட்கார்ந்ததும், காரில் மாட்டும் உயரத்தில் ட்ரெய்லரின் கொக்கி முனையை எடை மெஷின் மேல் நிறுத்திப் பாருங்கள். மொத்த எடையில் 5 முதல் 10 சதவீதம் அங்கே இறங்க வேண்டும். எனக்கு மொத்தம் 1090 கிலோ. முன்முனை தாங்கும் கட்டையை நகர்த்தி நகர்த்தி 76 கிலோவுக்குக் கொண்டுவந்தேன். முன்னால் எடை குறைந்தால் வேகமெடுத்ததும் ட்ரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும், அப்புறம் அதை அடக்குவது கஷ்டம். உங்கள் காரின் கொக்கி எவ்வளவு தாங்கும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரில் இறக்கும்போது கீல் மிதந்து எழ ஆழம் வேண்டும். அதற்குள் காரின் பின்சக்கரம் மூழ்கிவிடும். இழுகம்பியை நீட்டிக்க ஒரு குழாய் செய்து வைத்திருக்கிறேன். அது சாய்தளத்தில் மட்டும்தான், சாலையில் ஓட்ட அல்ல. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: பாய்மரத்தை நிமிர்த்துமுன் தலைக்கு மேல் மின்கம்பி இருக்கிறதா என்று பாருங்கள். அலுமினியக் கம்பம் கம்பியைத் தொட்டால் உயிர் போய்விடும்.

கட்டுரை எழுதியவர் அடுத்த முறை எழுதும்போது, கீலை வண்டியில் எப்படி உட்கார வைப்பது என்று ஒரு படமாவது போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பாய்மரப் படகு வைத்திருக்கும் ஒரு வாசகர்