வார்டு நோயாளிகளுக்கு முன்னெச்சரிக்கை மதிப்பெண் தாள் கோரும் மனு

அனுப்புநர்:
பொதுமக்கள், ஒடுகத்தூர்,
அணைக்கட்டு வட்டம், வேலூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், வேலூர்.

பொருள்: அரசு மருத்துவமனை வார்டுகளில் நோயாளியின் நிலை மோசமாவதை முன்கூட்டியே கண்டறிதல் – மதிப்பெண் தாள் – சோதனை முறையில் ஆய்வு நடத்தக் கோருதல் – தொடர்பாக.

ஐயா, வணக்கம்.

அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஐசியூ இருக்கிறது. 108 வண்டியும் வருகிறது. எங்கள் குறை அதற்கு முந்தைய சில மணி நேரத்தைப் பற்றியது. சாயங்காலம் வார்டில் பேசிக்கொண்டிருந்தவரை விடியற்காலையில் "உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க" என்று அனுப்பியதை எங்கள் பகுதியில் பல குடும்பங்கள் பார்த்திருக்கின்றன. பெரும்பாலும் ராத்திரியே உடம்பு அறிகுறி காட்டியிருக்கும்.

இந்த அறிகுறிகளை நேரத்தோடு கண்டுபிடிக்க, பிரிட்டனில் ராயல் மருத்துவர்கள் கல்லூரி 2012இல் ஒரு மதிப்பெண் தாளை வெளியிட்டு 2017இல் திருத்தியது. மூச்சு, ஆக்சிஜன் அளவு, ரத்த அழுத்தம், நாடி, சுயநினைவு, காய்ச்சல் என ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண்; தனியாக ஆக்சிஜன் வைத்திருந்தால் இன்னும் 2. நிமிடத்துக்கு மூச்சு 24, நாடி 112, ஆக்சிஜன் 94 என்று வைத்துக்கொள்வோம். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பயமுறுத்தாது. கூட்டினால் 5 வருகிறது. 5 வந்தாலே டாக்டர் உடனே வந்து பார்க்க வேண்டும், 7 என்றால் அவசரம். பல்ஸ் ஆக்சிமீட்டர், பிரஷர் கருவி, தெர்மாமீட்டர், கடிகாரம் போதும்.

ஆனால் அதை அப்படியே நகலெடுத்து ஒட்டினால் போதாது. கட்டுவிரியன் கடித்தவருக்கு முதலில் கண் இமை சொருகும். அந்தத் தாளில் இமைக்குக் கட்டமே கிடையாது. ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கும் எங்களுக்குப் பாம்புக்கடியும் பூச்சிமருந்து குடித்த கேசும் புதிதல்ல. அதனால்தான் ஆணையாக அல்லாமல் ஆய்வாகக் கேட்கிறோம்.

அடுக்கம்பாறை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர்கள் பொறுப்பேற்று, இரண்டு வட்ட மருத்துவமனைகளில் ஓராண்டு இம்முறையைச் சோதிக்க வேண்டும். ஆய்வு தொடங்கும் முன் உரிய நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற வேண்டும். மதிப்பெண் கூடியதும் யாருக்குப் போன் செய்வது, எத்தனை நிமிடத்தில் டாக்டர் வருவது என்பதையும் தாளிலேயே அச்சிட வேண்டும். இரவுப் பணிக்குக் கூடுதல் செவிலியர் தராமல் தாளை மட்டும் கொடுத்தால், காலையில் மொத்தமாக நிரப்பிவைக்கும் இன்னொரு ரெஜிஸ்டராகத்தான் அது முடியும். முடிவு எதுவானாலும் தமிழில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஒடுகத்தூர் பொதுமக்கள்
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)

நகல்: இணை இயக்குநர், மருத்துவ நலப்பணிகள், வேலூர்.