கடலோர உறவுகளுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள முட்டம், கடியபட்டணம், குளச்சல், மணக்குடி, தோவாளை ஊர் மக்களுக்கு,

வணக்கம். தை மாதக் கடைசியில் உங்கள் ஊர்களில் தங்கிப் படம் எடுத்துப் பழகிய ஒளிப்பட முகாமின் சார்பாக இதை எழுதுகிறேன். கண்காட்சி திறப்பு அன்று மேடையில் நன்றி சொல்ல ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். யார் யார் என்று வாசிப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. நீங்கள் என்ன செய்தீர்கள், அதனால் எங்களுக்கு என்ன கிடைத்தது என்பதை விவரமாகச் சொல்லாமல் விட எனக்கு மனசு வரவில்லை.

முதல் நன்றி கடியபட்டணத்துக்கு. முகாம் தொடங்கும் தறுவாயில், முன்பணம் வாங்கியிருந்த தங்குமிடம் ஒன்று அறை இல்லை என்று கைவிரித்துவிட்டது. நாகர்கோவில், மார்த்தாண்டம், தக்கலை பக்கத்திலிருந்து பிள்ளைகள் பை கட்டித் தயாராக இருந்தார்கள். பாதிப்பேர் பெண்பிள்ளைகள். செய்தி எப்படியோ பங்குப் பேரவை அண்ணன் ஒருவர் காதுக்குப் போயிருக்கிறது. போனில் கூப்பிட்டு, "பிள்ளைகள எங்க கூட்டிட்டுப் போவிய? எங்க ஊருக்கு வாங்க" என்றார். அவ்வளவுதான். மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் ஆலயத்தில் அறிவிப்பு வந்தது. பையன்களுக்குப் பங்கு மண்டபம், பெண்பிள்ளைகளுக்கு வீடுகள் என்று மதியத்துக்குள் முடிவாகிவிட்டது. ஒரு பெண்ணின் அம்மா, மகளை வீட்டுக்குத் திருப்பிக் கூட்டிப்போகலாம் என்ற எண்ணத்தோடுதான் வந்தார். மரச்சீனிக் கிழங்கும் அயிலைக் குழம்பும் சாப்பிட்டுவிட்டு, மகளை விட்டுவிட்டுத் தனியாகப் பஸ் ஏறினார்.

அந்த வீடுகள் எங்களுக்கு இன்னொரு வகையிலும் உதவின. நம் குமரி மாவட்டம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 8 டிகிரியில் இருக்கிறது. இங்கே சூரியன் சாய்வாக இல்லாமல் கிட்டத்தட்ட நேர்குத்தாக ஏறும். அதனால் விடியலின் மென்மையான வெளிச்சம் நிற்காது. வந்த வேகத்தில் போய்விடும். ஏசி அறையில் இருந்த கேமராவை அந்த நேரத்தில் கடற்காற்றுக்குக் கொண்டுவந்தால் லென்ஸ் முழுக்க ஆவி படியும். அது தெளிவதற்குள் வெயில் ஏறிவிடும். ஜன்னலைத் திறந்துவைத்து, ஃபேன் காற்றில் எங்களைத் தூங்கவைத்தீர்கள். கேமராவும் கடற்காற்றும் இரவெல்லாம் ஒரே சூட்டில் இருந்தன. பாறைக்குப் போய்ச் சேர்ந்த உடனே படம் எடுக்க முடிந்தது.

நாலு மணிக்கே எழுந்து கருப்பட்டி போட்டுக் கடுங்காப்பி கொடுத்த அக்காமார்களே, நீங்கள் ஒருநாள்கூட முகம் சுளிக்கவில்லை. கரையிலிருந்து திரும்பினால் முற்றத்தில் கிணற்றுத் தண்ணீர் வாளியில் தயாராக இருக்கும். உப்பும் மணலும் ஏறிய கேமரா முக்காலியின் கால்களை நல்ல தண்ணீரில் கழுவாவிட்டால் மூட்டுகள் துருப்பிடித்து இறுகிவிடும் என்று நாங்கள் சொல்லித்தான் தெரியவேண்டும் என்பதில்லை. கடலில் போய்வரும் எஞ்சினை வருஷம் முழுக்க அப்படித்தானே கழுவுகிறீர்கள். லென்ஸ் துடைக்க வைத்திருந்த துணி தீர்ந்தபோது, துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிவிட்ட பழைய வேட்டி ஒன்றைக் கிழித்துக் கொடுத்தார் ஒரு பாட்டி. அதில் ஒரு துண்டு இன்னும் என் பையில் இருக்கிறது.

அப்புறம் அந்த நீலப் படங்கள். கேமரா இல்லாமல் வெயிலைக் கொண்டே படம் அச்சிடும் சயனோடைப் முறையைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க நினைத்திருந்தோம். ஜான் ஹெர்ஷல் 1842இல் கண்டுபிடித்தது. பழைய கட்டட வரைபடங்களை ப்ளூபிரிண்ட் என்று சொன்னது இந்த நீலத்தால்தான். இரண்டு இரும்பு உப்புக் கரைசல்களைக் கலந்து தாளில் பூசி இருட்டில் காயவைக்க வேண்டும். பிறகு அதன்மேல் ஒரு பொருளை வைத்து வெயிலில் காட்டிவிட்டுத் தண்ணீரில் அலசினால், வெயில் பட்ட இடம் நீலமாகும், மறைந்திருந்த இடம் வெள்ளையாக நிற்கும். இதற்கு இருட்டறை வேண்டும், தாராளமாகத் தண்ணீர் வேண்டும். கடற்கரை ஊரில் நல்ல தண்ணீரின் அருமை எனக்குத் தெரியும், அதனால் கேட்கவே தயங்கினேன். விறகு அடுக்கும் உள்ளறையைக் காலி செய்து, ஓட்டு இடுக்கில் வெளிச்சம் வராமல் சாக்கு சொருகிக் கொடுத்தார் நாங்கள் தங்கிய ஒரு வீட்டு அண்ணன். சோப்புத் தண்ணீர் பட்டால் நீலம் வெளுத்துவிடும் என்று சொன்னதும், துவைக்கிற கல்லை விட்டுத் தள்ளி இரண்டு வாளிகளை எங்களுக்கென்றே ஒதுக்கினார் அந்த வீட்டு அக்கா. "இது சமையலுக்கு வராது, நீங்களே வச்சுக்கோங்க" என்று திரும்பி வாங்கவும் இல்லை.

தாள்மேல் என்ன வைப்பது என்று பிள்ளைகள் வேப்பிலையும் வலைத்துண்டும் தேடிக்கொண்டிருந்தார்கள். அக்காதான் உள்ளே போய் ஒரு கை நெத்திலிக் கருவாடு எடுத்துவந்து, ஒவ்வொன்றாகத் தாளில் பரப்பினார். ஒரே பக்கம் தலை வைத்து, கூட்டமாகப் போகிற மாதிரி. பத்து நிமிட வெயிலுக்குப் பிறகு அலசினால், ஆழ்ந்த நீலத்தில் வெள்ளை நெத்திலிகள். வாலும் செதிலும் மெலிசாக இருக்கிற இடத்தில் வெயில் கொஞ்சம் ஊடுருவி, அங்கே மட்டும் வெளிர்நீலம். அந்தப் படத்தின் கீழே அக்காவின் பெயரைத்தான் போட்டிருக்கிறோம். கண்காட்சியில் அதிகம் பேர் நின்று பார்த்தது அதைத்தான்.

முட்டத்துக் கரைமடிக்காரர்களுக்கு நான் தனியாகவே ஒரு கடிதம் எழுதவேண்டும். முட்டம் என்றால் எல்லோரும் பாறையையும் 1875இல் கட்டிய கலங்கரை விளக்கத்தையும்தான் படம் எடுப்பார்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் வடம் பிடிக்கும்போது பக்கத்தில் நிற்க எங்களை விட்டீர்களே, அது யாருக்கும் எளிதில் கிடைக்காது. வள்ளத்தில் போய் வலையை அரைவட்டமாக விட்டுவிட்டு வந்து, இரண்டு முனையிலும் ஆட்கள் நின்று இழுத்து, இழுக்க இழுக்க இரண்டு அணியும் நெருங்கி வந்து, கடைசியில் மடி கரையேறும் வரை மணிக்கணக்கில் ஆகிறது. அந்த நேரம் முழுக்க எங்கள் பிள்ளைகள் உங்கள் காலுக்கிடையில் குனிந்தும் படுத்தும் படம் எடுத்தார்கள். ஒருவர்கூடத் தள்ளிப்போ என்று சொல்லவில்லை. ஒரு பாட்டா மட்டும், "வெறும் கையோட நின்னா எப்படி மக்கா, கொஞ்சம் இழுத்துப் பாரு" என்றார். இழுத்துப் பார்த்த பிறகு எடுத்த படங்கள் வேறு மாதிரி வந்தன. அதுவரை முகத்தையே தேடிக்கொண்டிருந்தவர்கள் குதிகால் மணலில் புதைவதை எடுத்தார்கள், நனைந்த வடம் உள்ளங்கையில் உப்புக்கோடு போட்டிருப்பதை எடுத்தார்கள். நாங்கள் வகுப்பில் எத்தனை சொன்னாலும் வராதது அது.

அன்று பாடு சுமார்தான் என்று எனக்குத் தெரியும். பங்கு பிரித்தபோது முகங்களைப் பார்த்தேன். அப்படியும் எங்கள் பிள்ளைகளுக்கென்று ஒரு பை சாளையை ஒதுக்கிக் கொடுத்தீர்கள். வேண்டாம் என்று சொன்னதற்குக் கோபித்துக்கொண்டீர்கள். வாங்கிக்கொண்டோம்.

குளச்சலில் மீன் விற்கும் அம்மா ஒருவரை இங்கே சொல்லியாகவேண்டும். ஏலக்கூடத்துக்கு வெளியே கூடையோடு உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் அனுமதி கேட்டதும் முடியாது என்று சொல்லிவிட்டார். காரணமும் சொன்னார்: "எத்தன பேரு வந்து எடுத்துட்டுப் போயாச்சு. ஒருத்தனாவது அத எனக்குக் காட்டினானா?" நியாயமான கேள்வி. அதற்குப் பிறகு அவரே ஒரு வழியும் சொன்னார். எடுத்தால் ஒரு பிரதி கையில் தரவேண்டும், இல்லையென்றால் எடுக்கக் கூடாது. அன்று சாயங்காலமே பிள்ளைகள் கூடிப் பேசி அதை முகாமின் விதியாக்கிவிட்டார்கள். யாரை எடுத்தாலும் அவருக்கு ஒரு அச்சுப்பிரதி. எந்தப் படத்தை ஊரார் பார்க்கவைக்கலாம் என்பதையும் படத்தில் இருப்பவரே சொல்லவேண்டும். அம்மா தன் படங்களில் இரண்டை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு, வெற்றிலை போட்டுச் சிரிக்கிற படத்தை எடுத்துக்கொண்டார். எங்களுக்குப் பிடித்தது ஒதுக்கியதில் ஒன்று. ஆனால் அதை நாங்கள் எங்கும் வைக்கவில்லை, வைக்கவும் மாட்டோம். அம்மா, முகாமுக்கே திசை காட்டியது உங்கள் பேச்சுதான். மனதார நன்றி.

இந்த விதி ஊரில் பரவியதும் வேறொன்று நடந்தது. நாங்கள் எடுக்காத படங்களோடு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். செல்லரித்த கல்யாணப் போட்டோ, முதல் நற்கருணை வாங்கிய நாளில் எடுத்த படம், மங்கிப்போன பாஸ்போர்ட் படம். அதில் ஒரு தாய், 2017 நவம்பர் கடைசியில் ஒக்கிப் புயலில் கடலுக்குப் போய்த் திரும்பாத மகனின் படத்தைக் கொண்டுவந்தார். விரல்நகம் அளவுப் படம், அட்டையிலிருந்து பிய்த்தெடுத்தது, ஒரு கன்னத்தின் மேல் முத்திரை மை. "பெருசா ஆக்க முடியுமா" என்று மட்டும் கேட்டார். ஃபிலிம் காலத்திலிருந்து நாகர்கோவிலில் ஸ்டுடியோ நடத்தும் எங்கள் ஆசான் அதை வாங்கி, ஜன்னலோர வெளிச்சத்தில் வைத்துப் பிரதி எடுத்து, இரண்டு ராத்திரி உட்கார்ந்து முத்திரையை நீக்கினார். கன்னத்தில் இருந்த ஒரு சிறு மச்சத்தை மையோடு சேர்த்து அழித்துவிடக் கூடாதே என்று அந்தத் தாயை வரவழைத்து, பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டுக் கேட்டுச் செய்தார். அவனுடைய புருவம் எப்படி இருக்கும் என்று அவர் தன் விரலால் திரையில் வரைந்து காட்டினார். அம்மா, அந்த வேலையை எங்களை நம்பிக் கொடுத்தீர்களே, அதற்கு எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஆசானே, உங்களுக்கும் நன்றி. நீங்கள் கூலி வாங்க மறுத்ததை இங்கே எழுதினால் திட்டுவீர்கள், ஆனாலும் எழுதுகிறேன்.

மணக்குடிப் பொழிமுகத்தில் எங்களை வள்ளத்தில் ஏற்றிச் சென்ற அண்ணனுக்கு வருகிறேன். பழையாறு கடலில் சேரும் இடம். 2004 ஆழிப்பேரலையில் பழைய பாலம் அடித்துச் செல்லப்பட்ட பிறகு கட்டிய புதுப் பாலத்துக்குக் கீழே, இருட்டிலேயே கூட்டிப்போனீர்கள். லைஃப் ஜாக்கெட் போடாதவனை ஏற்றமாட்டேன் என்று கறாராக நின்றீர்கள். எந்த அலை தெறிக்கும், எது சும்மா தூக்கிவிட்டுப் போகும் என்று முன்கூட்டியே உங்களுக்குத் தெரிந்திருந்தது. "கேமராவ உள்ள வை" என்று நீங்கள் சொன்ன ஒவ்வொரு தடவையும் அடுத்த நொடி தண்ணீர் வந்தது. அலையாத்திச் செடிகளுக்குப் பக்கத்தில் எஞ்சினை நிறுத்திவிட்டுத் துடுப்பு போட்டீர்கள், கொக்குகள் கலையக் கூடாது என்பதற்காக. நாங்கள் கேட்காமலே செய்தது அது.

தோவாளைப் பூச்சந்தை வியாபாரிகளே, பிச்சியும் அரளியும் கிரேந்தியும் மலையாகக் குவிந்து, எடைபோட்டு, கேரளத்துக்கு வண்டி ஏறுகிற அவசரத்தில் எங்களுக்கு நடக்க வழிவிட்டதற்கு நன்றி. தேரூர்க் குளத்தில் சங்குவளை நாரைகளை எவ்வளவு தூரத்தில் நின்று எடுத்தால் அவை பறக்காது என்று சொல்லித்தந்த பள்ளி ஆசிரியருக்கும் நன்றி. சுசீந்திரம் - தேரூர் நீர்நிலைகள் 2022இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சர் பட்டியலில் சேர்ந்ததை அவர் சொன்ன விதத்தில் சொந்த வீட்டுக்குப் பட்டா வந்த சந்தோஷம் இருந்தது. தினமும் இருட்டில் வேனை எடுத்து, நாங்கள் இறங்கிய இடத்திலேயே வெயிலில் காத்துக்கிடந்த ஓட்டுநர் அண்ணனுக்கும், சாப்பாட்டுக்குச் செலவான அரிசிக்குக் காசு வாங்காத கடைக்காரருக்கும், மண்டபத்தைக் கடைசி நாள் வரை வாடகை இல்லாமல் விட்ட பங்குத்தந்தைக்கும் எங்கள் நன்றி.

ஒரு விஷயம் பாக்கி இருக்கிறது. அச்சிட்ட படங்களைப் பெரும்பாலான வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டோம். சிலர் கடலுக்குப் போயிருந்ததாலும், சிலர் வீடு பூட்டியிருந்ததாலும் கொஞ்சம் கவர்கள் மீந்திருக்கின்றன. அவற்றைப் பெயர் எழுதி, கடியபட்டணத்தில் பெண்பிள்ளைகள் தங்கிய வீடுகளில் ஒன்றில் வைத்திருக்கிறோம். முட்டத்துக் கரைமடி அணியின் பெரிய படத்தை வலைக்கூடத்துச் சுவரில் மாட்ட வரும் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு வருகிறோம். ஆணி அடிக்க ஏணி ஒன்று வேண்டியிருக்கும், பாட்டாவிடம் சொல்லி எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.

என்றும் நன்றியுடன்,
முகாமில் பங்கேற்ற எல்லாப் பிள்ளைகளின் சார்பாக,
முகாம் ஒருங்கிணைப்பாளர்
நாகர்கோவில்