டவர் போனால் சேட்டிலைட் போகாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் மாணவர் பக்கத்தில் வந்த செயற்கைக்கோள் கட்டுரையை என் மகள் சத்தமாகப் படித்தாள். டிவி, புயல் எச்சரிக்கை எல்லாம் சரி. 'நாம் எங்கே இருக்கிறோம் என்பதைச் செயற்கைக்கோள் மேலிருந்து பார்த்து போனுக்குச் சொல்கிறது' என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னேன். அது தப்பு.

நான் இராயக்கோட்டையில் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஓட்டுகிறேன், தக்காளி லோடு. ஒருமுறை ஒகேனக்கல் மீன் கடைகளுக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு போகும்போது, அஞ்செட்டி தாண்டிக் காட்டுக்குள் டவர் சுத்தமாகப் போய்விட்டது. பொழுது சாயும் நேரம், யானை வருகிற ரோடு, இறங்கி வழி கேட்க ஆளில்லை. "இந்தக் காட்டுக்கு சேட்டிலைட் எட்டாது, திருப்புங்க மாமா" என்றான் கூட வந்த மச்சான். போனில் மேப்பைப் பார்த்தால் ரோடும் இல்லை, ஊர்ப் பெயரும் இல்லை, வெறும் சாம்பல் கட்டம். ஆனால் அதன் நடுவே நாங்கள் இருக்கும் இடத்தைக் காட்டும் நீலப் புள்ளி மட்டும் வண்டி வேகத்துக்கு ஊர்ந்துகொண்டிருந்தது. அப்புறம்தான் இதைத் தேடிப் படித்தேன்.

போன் தன் இடத்தைக் கண்டுபிடிக்க உதவும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவை நம்மைப் பார்ப்பதே இல்லை. திருவிழா மைக்செட் மாதிரி, தான் இருக்கும் இடத்தையும் நேரத்தையும் சொல்லிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். நாலு கோளின் சிக்னல் கிடைத்தால், எது எவ்வளவு தாமதமாக வந்தது என்பதை வைத்து, தூரத்தையும் நம் இடத்தையும் போனே கணக்குப் போட்டுக்கொள்ளும். வினாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலே தூரம் 300 மீட்டர் தப்பிவிடும் என்பதால்தான் கோளுக்குள் மிகத் துல்லியமான அணுக்கடிகாரம் வைக்கிறார்கள். ஜிபிஎஸ் மாதிரி நம் நாடு அமைத்த நாவிக்கில், 2013ல் போன முதல் கோளில் அந்தக் கடிகாரம் மூன்றுமே பழுதாகிவிட்டது. 2023ல் போன என்விஎஸ்-01 என்ற நாவிக் கோளில் நாமே செய்த கடிகாரம் ஏறியது.

டவர் தேவைப்படுவது மேப்பை இறக்கத்தான். எங்கள் ஊர்ச் சந்துக்குள் லாரியைக் கொண்டுவந்து சொருகுவதும் அந்த மேப்தான், பழி மட்டும் மேலே சுற்றுகிறதுக்கு!

ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் கூட்டம் கிளம்பும் முன்னால், இந்தப் பக்கத்து மேப்பை வீட்டிலேயே டவுன்லோட் செய்துகொள்ளச் சொல்லி ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். திருத்தத்தையும் சீக்கிரம் போட்டுவிடுங்கள், மகளின் பள்ளியில் அந்தக் கட்டுரையை நோட்டில் ஒட்டி வரச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
இராயக்கோட்டை, கிருஷ்ணகிரி மாவட்டம்